பேரைச் சொன்னவன்

எங்கள் செவ்லியெவோ பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவள் வெலிச்கா. நான் பக்கத்துச் சன்னலில் டிக்கெட் கொடுப்பவள். எங்களுக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வாய்க்கு ஒலிபெருக்கி எதற்கு, தண்டச் செலவு என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். பொய் என்றால் அவளுக்கு ஆகாது. ஒருமுறை கப்ரோவோ பேருந்து கிளம்ப நேரமானபோது இயந்திரக் கோளாறு என்று அறிவிக்கச் சொல்லி ஓட்டுநர் கண்ணைக் காட்டினார். இவள் ஒலிவாங்கியை எடுத்து, ஓட்டுநர் இன்னும் காப்பி குடித்து முடிக்காததால் பேருந்து தாமதமாகப் புறப்படும் என்று ஊருக்கே சொன்னாள். மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டித்ததையும் அறிவித்துவிடுவாளோ என்று அவருக்கே பயம்.

அம்மா இறந்தபோது தங்கை தோன்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வெலிச்காதான் அவளை வளர்த்து, படிக்க வைத்து, கிராஸி என்ற நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். கிராஸி கட்டட வேலைக்கு ஸ்பெயின் போனான். தோன்கா சந்தை வாசலில் இருக்கும் ரொட்டிக்கடையில் காலையில் பாலாடைக்கட்டி வைத்த பனிட்ஸா சுடுவாள். குழந்தை இல்லை. வெலிச்காவும் கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், உண்மை பேசுகிறவனாக ஒருத்தனும் வரவில்லை என்பாள். அவளைத் தாங்குகிறவனாக ஒருத்தனும் வரவில்லை என்பது எங்கள் கணக்கு.

அவள் வாய்க்குச் சனிக்கிழமைகளில் நல்ல வேலை இருந்தது. சனிக்கிழமைச் சந்தையில் ஜெலியு கடை போடுவான். முன்பு கூட்டுறவுப் பண்ணையில் மின்சார வேலை பார்த்தவன். பண்ணையை மூடியதும் வைத்தியனாகிவிட்டான். மஞ்சள் பால் வடியும் ஒரு செடியை ராக்கியா சாராயத்தில் ஊறப்போட்ட சொட்டு மருந்து, ஆமை ரத்தம் கலந்த சிவப்புத் திராட்சை மது, இரண்டும் பழுப்புப் புட்டிகளில் வரிசையாக நிற்கும். மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் உயிருள்ள ஆமை ஒன்று சாட்சிக்கு உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டையும் குடித்தால் கெட்டது கரைந்துபோகும் என்பான்.

கெட்டது என்றுதான் சொல்வோம். புற்றுநோய் என்ற பெயரை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்பதுபோல. வெலிச்கா கூட அந்த ஒரு சொல்லை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

ஆமை நூறு வருஷம் வாழும், அதன் ரத்தத்தில் அந்தச் சக்தி இருக்கிறது என்று ஜெலியு ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தான். இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், நூறு வருஷம் வாழ வேண்டிய ஆமையைப் பாதி வயசில் அறுக்கிறாயே, அந்த ரத்தத்தில் மிச்சம் என்ன சக்தி இருக்கும் என்று கேட்டாள். சனம் சிரித்தது. ஜெலியுவும் சிரித்தான், கோபக்காரன் இல்லை அவன். குணமானவர்கள் எத்தனையோ பேர், துரோயானில் ஒரு அம்மா இருக்கிறாள், போய்க் கேள் என்றான்.

"எந்தத் தெருன்னு சொல்லு. பஸ் எத்தன மணிக்குன்னு நானே சொல்றேன்."

அவன் திணறித் தெருவைச் சொன்னான். வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். இவள் விடுமுறை நாளில் துரோயானுக்குப் போய் அந்த அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அம்மா கல்லு மாதிரி இருந்தாள், பிளம்ஸ் பழம் கூடக் கொடுத்தாளாம். அவளுக்கு வந்தது பித்தப்பையில் கல். அதையும் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். சொட்டு மருந்தைக் கால் ஆணிக்குப் போட்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை சந்தை நடுவில் நின்று வெலிச்கா இதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அதனால் ஜெலியுவின் வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் அடுக்குமாடி வாசலில் சூரியகாந்தி விதை கொறிக்கிற கூட்டம் முழுக்க அவன் பக்கம்தான். இயற்கையில் கிடைக்கிறது கெடுதல் செய்யுமா என்பார்கள். போன வருஷம் ஒரு குடும்பமே காட்டுக் காளான் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்ததே, அது என்ன தொழிற்சாலையில் செய்ததா என்று இவள் கேட்பாள். டாக்டர்கள் மட்டும் எல்லாரையும் பிழைக்க வைக்கிறார்களா என்பார்கள். இல்லை, ஆனால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள், உங்கள் ஜெலியு செத்தவனை எண்ணுவதே இல்லை என்பாள். கத்தி பட்டால் அது உடம்பெல்லாம் பரவும் என்று கடைசியாக யாராவது சொல்வார்கள். அதற்குமேல் இவள் கத்துவாள், அவர்கள் கத்துவார்கள், நான் டெலிவிஷன் பார்க்க மேலே போய்விடுவேன்.

ஒரு ஜூன் மாதம் தோன்காவுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பிளெவெனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அக்காவும் தங்கையும் போனார்கள், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் தோன்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டு வெலிச்காவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் பக்கம் அப்படித்தான். நோயாளிக்கு நோயைச் சொல்ல மாட்டோம், வீட்டாருக்குத்தான் சொல்வோம். சொன்னால் மனசு விட்டுவிடுவார்கள், மனசு விட்டால் உடம்பும் விட்டுவிடும் என்று டாக்டருக்கும் எண்ணம், எங்களுக்கும் எண்ணம்.

மறுநாள் வெலிச்கா என் சன்னலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெறும் நீர்க்கட்டி, சும்மா வெட்டி எடுத்துவிடலாம் என்று தோன்காவிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். நல்லது செய்தாய் என்றேன். வேறு என்ன சொல்வேன், என் அப்பாவுக்கும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். கிராஸிக்கும் போனில் சொல்லி, அவனையும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஒரு வாரத்தில் ரொட்டிக்கடை, எங்கள் அடுக்குமாடி, பேருந்து நிலையம், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவள் தோன்கா ஒருத்திதான் என்று நாங்கள் நினைத்தோம்.

வம்பு எங்கே வந்தது என்றால், நீர்க்கட்டிக்கு என்ன அவசரம்? ஜூனிலேயே வந்து படு என்று டாக்டர் சொல்லியிருந்தார். செர்ரிப் பழம் முடியட்டும், ஜாம் போட வேண்டும் என்றாள் தோன்கா. ஜூலையில் ரொட்டிக்கடையில் ஆளில்லை. ஆகஸ்டில் கிராஸி விடுமுறையில் வருகிறான், புருஷன் வரும்போது ஆஸ்பத்திரியில் படுக்கிறதா? வெலிச்கா கெஞ்சினாள், திட்டினாள். ரொம்பத் திட்டவும் முடியவில்லை. ரொம்பத் திட்டினால் சந்தேகம் வரும். சந்தை நடுவில் நின்று ஊரையே மடக்கியவள் ஒரு நீர்க்கட்டியிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடை முழுக்க அவள் அறிவிப்புகளில் ஊர்ப்பெயர்கள் இடம் மாறின. லோவெச் பேருந்தை சோஃபியா என்றாள். ஓட்டுநர்கள்கூடக் கிண்டல் செய்யவில்லை.

ஒருவழியாகச் செப்டம்பரில் நாள் குறித்தார்கள். கூட வருகிறேன் என்றாள் வெலிச்கா. சின்ன விஷயத்துக்கு நீ எதற்கு, உனக்கு வேலை இருக்கிறது, நானே போய்க்கொள்கிறேன் என்று தோன்கா சொல்லிவிட்டாள். சின்ன விஷயம் என்று முதலில் சொன்னவளே இவள்தானே. டிக்கெட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், சன்னலோரம்.

அன்று காலை பிளெவென் பேருந்து வந்து நின்றது, சனம் ஏறியது. சன்னலோரம் காலியாக இருந்தது. வெலிச்கா அறிவித்தாள். பிறகு மறுபடி அறிவித்தாள். தோன்காவின் பெயரையே சொல்லி, பிளெவென் பேருந்து உனக்காகக் காத்திருக்கிறது என்று கூப்பிட்டாள். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தை அணைத்தார். அந்த நிலையத்தில் யாருக்காகவும் பேருந்து நின்று நான் பார்த்ததில்லை. கடைசியில் கிளம்பத்தான் வேண்டியிருந்தது. வெலிச்கா ஒலிவாங்கியை அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது. சன்னலை மூடிவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

தோன்காவின் வீடு நிலையத்துக்குப் பின்தெருவில் இரண்டாவது மாடி. கதவு சாத்தவில்லை. பால்கனியில் குடைமிளகாய் சுடும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, வீடெல்லாம் சுட்ட மணம். தோன்கா மேசையில் உட்கார்ந்து கருகிய தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ஜாடிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பழுப்புப் புட்டி ஒன்று.

"பஸ்ஸயே நிறுத்தி வச்சேன்டி. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்."

"கேட்டுச்சுக்கா. ஜன்னல் தெறந்துதான் இருக்கு," என்றாள் தோன்கா.

வெலிச்காவின் கண் புட்டிமேல் விழுந்தது. எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். அப்புறம் கத்தத் தொடங்கினாள். மின்சாரக் கம்பி இழுத்தவன், ஆமையை அறுக்கிறவன், பித்தக் கல்லுக்கும் கால் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதவன், அவன் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாயா, நான் சந்தையில் கத்துவது உன் காதில் மட்டும் விழவில்லையா என்று, எனக்கு மனப்பாடமான எல்லாவற்றையும் சொன்னாள். தோன்கா உரித்துக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு மூச்சு வாங்கியபோதுதான் தலையைத் தூக்கினாள்.

"நீர்க்கட்டிதானேக்கா. நீர்க்கட்டிக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?"

வெலிச்கா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி, அதற்காகத்தான் என்று அவள் ஏதோ முனகினாள்.

"கண்ணாடிக் கதவு வழியா பாத்துட்டுதான் இருந்தேன்," என்றாள் தோன்கா. "டாக்டர் பேசப் பேச நீ வாயில கைய வச்சிக்கிட்டே. உள்ள வந்து சிரிச்சே. அன்னிலேருந்து எல்லாரும் சிரிக்கிறீங்க. கிராஸி போன்ல சிரிக்கிறான். கடையில ஒருத்தியும் என்னத் திட்டுறதில்ல, பனிட்ஸா கருகினாகூட. பைத்தியம் புடிச்சிரும் போலிருந்துச்சு. ஜூலைல ஜெலியு அண்ணன்கிட்ட போனேன். தொட்டுப் பாத்தாரு. 'தங்கச்சி, இது கேன்சரு'ன்னாரு. ஒருத்தராவது சொன்னாங்களேன்னு அங்கயே உக்காந்து அழுதேன். பேரச் சொன்னவருதான் மருந்தும் சொன்னாரு. அவர நம்பாம, உன்னையா நம்பச் சொல்ற?"

இத்தனை மாதம் அந்தப் பெண் எங்கள் நடுவில், எல்லாம் தெரிந்துகொண்டு, நாங்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறாள். ஊரில் படித்தவர்கள், டாக்டர்கள், கூடப்பிறந்தவள், புருஷன், இத்தனை பேரில் அவள் முகத்தைப் பார்த்து நிஜத்தைச் சொன்னவன் ஆமை ரத்தம் விற்கிற ஜெலியு ஒருத்தன். அவன் வாயில் வந்த ஒரே நிஜம் அதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து மற்ற பொய்யையெல்லாம் விற்றுவிட்டான். வாங்கும்படி அவளை அனுப்பிவைத்தது நாங்கள்.

வெலிச்கா நாற்காலியை இழுத்துத் தங்கைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். கரியும் தோலுமாக இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேன்சர்தான்டி. ஜூன்லயே தெரியும் எனக்கு. பொய் சொன்னேன்."

தோன்கா தலையை ஆட்டினாள். "பொழைப்பேனா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"அவருக்குத் தெரியுமாம். ஈஸ்டருக்குள்ள சரியாயிடும்னாரு."

"அவனுக்கும் தெரியாதுடி. தெரியாதுன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. எனக்கும் இப்பதான் வந்துச்சு."

தோன்கா அக்காவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள், சில்லறை சரியாக இருக்கிறதா என்று கவனிப்பதுபோல. பிறகு எழுந்து பால்கனிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். மத்தியானப் பேருந்தில் இருவரும் போனார்கள். மீதி மிளகாயை நான்தான் உரித்து ஜாடியில் அடைத்தேன்.

மறுவாரம் அறுவைச் சிகிச்சை நடந்தது. முடிந்ததும் டாக்டர் பழக்கத்தில் வெலிச்காவைப் பார்த்து வெளியே வரும்படி தலையசைத்தாராம். கட்டிலில் இருந்து தோன்கா, டாக்டர், மார்பு என்னுடையது, என்னிடம் சொல்லுங்கள் என்றாளாம். அவர் திகைத்துப் போய் வெலிச்காவைப் பார்க்க, இவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார். அக்குளுக்கும் அதற்கு அப்பாலும் பரவியிருந்தது. ஜெலியுவின் சொட்டு மருந்தால் கெட்டுப்போனதா என்று தோன்கா கேட்டாள். மருந்து நல்லதும் செய்யவில்லை கெட்டதும் செய்யவில்லை, வீணாய்ப்போன கோடைதான் கெடுத்தது என்றார் அவர்.

அதற்குப் பிறகு தோன்கா இரண்டு குளிர்காலம் உயிரோடு இருந்தாள். முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள், நடுவில் நன்றாக இருந்த மாதங்களில் பனிட்ஸா சுட்டாள். கிராஸி ஸ்பெயின் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். கடையில் யாராவது அசட்டுத்தனமாகச் சிரித்தால் தோன்கா விடமாட்டாள், "சிரிக்காத, எனக்கு கேன்சரு, பனிட்ஸா வேணுமா வேணாமா?" என்பாள். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அக்காவும் தங்கையும் அப்போது சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தோன்கா அக்காவிடம் ஒன்று சொன்னாள். சாவு அறிவிப்புத் தாளில் "சிறிது காலம் நோயுற்று" என்று போட்டுவிடாதே, இதுவா சிறிது காலம் என்றாள்.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் படம் போட்டுத் தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் மரங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்தான், கடவுள் அழைத்துக்கொண்டார், சிறிது காலம் நோயுற்று. வெலிச்கா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அச்சுக்கடைக்காரன் நிஜமாகத்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில் அடித்துக் கொடுத்தான். தோன்கா ரொட்டிக்கடை ஏப்ரனோடு சிரிக்கிற படம், அதற்குக் கீழே பட்டையான எழுத்தில்: புற்றுநோயால் இறந்தாள்.

என் வீட்டுக் கதவில் அதைப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அச்சில் பார்க்கிறபோது யாரோ நடுத்தெருவில் துணியை அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது. சாயங்காலத்துக்குள் பாதித் தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். சின்னப்பிள்ளைகள் படிக்கிற வழி என்றார்கள். இப்படியா கூடப்பிறந்தவளை அசிங்கப்படுத்துவாள் என்றார்கள். விதை கொறிக்கும் கூட்டம் தீர்ப்பே எழுதிவிட்டது: வெலிச்கா நோயின் பெயரைச் சொல்லி அவள் மனசை உடைத்தாள், கத்திக்கு அனுப்பினாள், கத்தி பட்டுத்தான் பரவியது, ஜெலியுவிடம் விட்டிருந்தால் இன்றைக்கும் பனிட்ஸா சுட்டுக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை வெலிச்கா பசை வாளியும் மிச்சத் தாள்களுமாகச் சந்தைக்குப் போனாள். என்ன நடக்குமோ என்று நானும் போனேன். ஜெலியுவின் மேசைக்குப் பக்கத்திலேயே விளக்குக் கம்பம். அவன் முகத்துக்கு நேராக அவள் கம்பத்தில் பசை தடவினாள். சந்தை சனம் சண்டையைப் பார்க்கக் கூடிவிட்டது. அவன் எழுந்து, தாளில் படமாக இருந்த தோன்காவுக்காகத் தொப்பியைக் கழற்றினான். நடிப்பு இல்லை, அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

"நான் அவகிட்ட நிஜத்த சொன்னேன் வெலிச்கா," என்றான். "நீங்க யாரும் சொல்லல. ஜூன்லயே நீ சொல்லியிருந்தா அவ என்கிட்ட வந்திருப்பாளா?"

இவள் பசை வாளியை அவன் தலையில் கவிழ்ப்பாள் என்று நினைத்தேன். கவிழ்க்கட்டும் என்றுகூட நினைத்தேன். வெலிச்கா தாளைக் கம்பத்தில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவினாள். பேருந்து கிளம்பும் நேரத்தைச் சொல்கிற அதே குரலில், சந்தையின் அந்தக் கோடிவரை கேட்கும்படி பதில் சொன்னாள்.

"வந்திருக்க மாட்டா."

சொல்லிவிட்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தாள்.